‘ஒரு ஊசி போட்டு அனுப்பி விட்டுருங்க’ என்று கேட்பவர்களுக்கு

தாராபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து தண்டுவடக் காயத்தோடு எங்களிடம் வருவோரில் தென்னை ஏறி விழுந்தவர்களும், இருசக்கர வாகன விபத்தில் சிக்கியவர்களும் உண்டு. அப்படி வந்த ஒருவரின் மனைவி, காயம் பட்ட ஐந்தாம் மாதத்தில், கணவரை மறுபரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தார். கழுத்துக்குக் கீழே அவருக்கு அசைவில்லை. அவரை வெளியே ஸ்ட்ரெச்சரில் விட்டுவிட்டு, அந்த அம்மையார் மட்டும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். “ஏனுங்க டாக்டர், அவரே கேக்கறாருங்க. ஒரு ஊசி போட்டு அனுப்பி விட்டுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார். குரலில் அழுகை இல்லை. பல இரவுகள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் போல அது வந்தது.

“சட்டம் இடம் தராதுங்க” என்று நாங்கள் சொன்னோம். சட்டத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் அவர் எழுந்து போன பிறகுதான், அவரிடம் நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எங்களுக்கு நினைவுக்கு வந்தன. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது. (இதில் வரும் நோயாளிகளை யாரும் அடையாளம் காண இயலாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ‘கருணைக் கொலை’ என்ற சொல்லால் மக்கள் மூன்று வெவ்வேறு செயல்களைக் குறிக்கிறார்கள். மருத்துவர் மருந்து செலுத்தி உயிரைப் போக்குவது ஒன்று. நோயாளி தாமே உட்கொண்டு இறப்பதற்கான மருந்தை மருத்துவர் எழுதித் தருவது மற்றொன்று. நெதர்லாந்து, கனடா, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் முதலிய இடங்களில் விவாதிக்கப்படும் ‘உதவியுடன் இறத்தல்’ பெரும்பாலும் இவ்விரண்டையும் குறிக்கும். மூன்றாவது, நோயைக் குணப்படுத்தவோ நோயாளியை மீட்கவோ இனி உதவாத சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது, அல்லது தொடங்கியதை விலக்கிக்கொண்டு வலி நீக்கும் பராமரிப்பை மட்டும் தொடர்வது.

இந்தியாவில் முதலாவது கொலைக் குற்றமாகும். பதினெட்டு வயது நிறைந்தவர் தாமே இசைவு தந்திருந்தால் குற்றத்தின் தரம் குறையலாம்; குற்றம் என்பது மாறாது. இரண்டாவது, தற்கொலைக்கு உடந்தையாக இருந்த குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படியே இருந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சம்ஹிதையிலும் அப்படியே இருக்கிறது. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் கியான் கவுர் வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்றாவது செயலை மட்டுமே, கட்டுப்பாடுகளுடன், நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது.

அந்த அனுமதி பிறந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே பணிபுரிந்த ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளைக்கு ஆக்சிஜன் செல்லாமல், அவர் தன்னினைவின்றிப் படுக்கையில் வீழ்ந்தார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அருணாவை அத்தனை ஆண்டுகளும் பராமரித்து வந்த செவிலியர்கள் அதை எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. அருணாவின் சார்பில் பேசும் தகுதி மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அதே தீர்ப்பில், உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு சிகிச்சையை விலக்கலாம் என்ற வழியையும் முதன்முறையாகத் திறந்தது. அருணா 2015 மே 18 அன்று நுரையீரல் அழற்சியால் இயற்கையாக இறந்தார். ஏறத்தாழ 42 ஆண்டுகள். செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அதைவிட அந்தச் செவிலியர்களைப் பற்றியே எங்களுக்கு அதிகம் யோசிக்கத் தோன்றுகிறது. எந்த இயந்திரமும் இல்லாமல், ஊட்டுதலும் புரட்டுதலும் துடைத்தலுமாக ஓர் உடலை இத்தனை காலம் காத்த பணி அது. அதை ஒரு நிறுவனம் செய்தது. நம் ஊர்களில் அதே பணியை ஒரே ஒரு மனைவி, அல்லது ஒரே ஒரு தாய், சம்பளமும் விடுப்பும் இன்றிச் செய்கிறார்.

2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்துடன் இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. ‘லிவிங் வில்’ எனப்படும் முன்விருப்ப ஆவணத்துக்கும் ஏற்பு கிடைத்தது. ஆனால் நடைமுறை மிகவும் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அதை எளிதாக்கியது. இப்போதைய நிலை இது: வயது வந்த, தெளிந்த மனநிலையுள்ள எவரும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் இந்த ஆவணத்தில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் பெறலாம். தம்மால் முடிவெடுக்க இயலாத நிலை வந்தால் யார் தம் சார்பில் பேச வேண்டும் என்று ஒருவரையோ ஒருவருக்கு மேற்பட்டவர்களையோ அதில் குறிப்பிடலாம். எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம்.

ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மீளும் வாய்ப்பில்லாத நோயாளிக்குச் சிகிச்சையை விலக்குமுன் இரண்டு குழுக்கள் ஒப்ப வேண்டும். மருத்துவமனையின் முதல் குழுவில் சிகிச்சை தரும் மருத்துவரும், ஐந்தாண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள இரண்டு துறை வல்லுநர்களும் இருப்பார்கள். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும் வேறு இரண்டு வல்லுநர்களும் சேர்ந்தது இரண்டாவது குழு. இரு குழுக்களும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நோயாளியின் நெருங்கிய உறவினர்களின் இசைவும் வேண்டும். முடிவைச் செயல்படுத்துமுன் நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவர்கள் மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

இதைக் ‘கருணைக் கொலை’ என்று அழைப்பதே பொருந்தாது என்பது எங்கள் கருத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் வெளியிட்ட சொல்விளக்கத் தொகுப்பும் அவ்வாறே கருதுகிறது. நோய் தன் வழியில் முடிவை நோக்கிச் செல்லும்போது குறுக்கே நிற்காமல் விலகி, வலியை மட்டும் தணிப்பதில் கொலை எதுவும் இல்லை. புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவரை “மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்” என்று கேட்கும் குடும்பங்கள் குற்றவுணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. அப்படிப் போகும்போது வலிக்கான மருந்தையும், எங்கள் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

சாகும் தறுவாயில் இருப்பவரும் மாற்றுத்திறனாளியும்

சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. மேலே சொன்ன சட்டம் அனைத்தும் இறந்துகொண்டிருப்பவருக்காகவும், மீளவே முடியாத நிலையில் இருப்பவருக்காகவும் எழுதப்பட்டது. எங்களிடம் ‘ஊசி’ கேட்டு வருவோரில் பலர் அப்படிப்பட்டவர்களின் உறவினர் அல்லர். தண்டுவடக் காயம், பக்கவாதம், மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு ஆகியவற்றோடு வாழ்பவர்களுக்காகவே அவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சாகும் தறுவாயில் இல்லை. சட்டப்படி அவர்கள் மாற்றுத்திறனாளிகள்.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது குடும்பத்தார் மட்டுமல்லர். சில ஆண்டுகளுக்கு முன் மூளை முடக்குவாதத்தோடு பிறந்த, இருபதுகளில் இருந்த இளைஞர் ஒருவர் நுரையீரல் அழற்சியோடு எங்களிடம் வந்தார். மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தது. “இந்தப் பையனுக்கு எதுக்குங்க வென்டிலேட்டர்? இருந்து என்ன பண்ணப் போறான்?” என்றார் பெரியப்பா. தாய் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் குறிப்பேட்டில் ‘மீள்வதற்கான வாய்ப்பு குறைவு’ என்று எழுதியிருந்தோம். மறுநாள் காலை, எங்களுள் இளையவரான மருத்துவர் ஒருவர், எதை வைத்து அப்படி எழுதினோம் என்று கேட்டார். எக்ஸ்ரேவை மறுபடி பார்த்தோம். அதே எக்ஸ்ரே அதே வயதுள்ள வேறொருவருடையதாக இருந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டோம். அவருடைய நுரையீரலைப் பார்த்து எழுதாமல், அவருடைய கை கால்களைப் பார்த்து எழுதியிருக்கிறோம். நான்கு நாள் செயற்கைச் சுவாசத்துக்குப் பின் அவர் தேறினார். வீட்டுக்குப் போகும்போது, தம் சக்கர நாற்காலியைத் தள்ள வந்த ஊழியரை விலக்கிவிட்டு, அம்மாதான் தள்ள வேண்டும் என்று அடம் பிடித்தார்.

மருத்துவர்களின் இந்தக் குறைபாடு உலகெங்கும் அளக்கப்பட்டிருக்கிறது. 1994இல் அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவு ஊழியர்களிடம், கழுத்துப் பகுதியில் தண்டுவடக் காயம் ஏற்பட்டுப் பிழைத்தால் உயிரோடு இருப்பதற்காக மகிழ்வீர்களா என்று ஓர் ஆய்வில் கேட்டார்கள். ஆம் என்றவர்கள் 18 விழுக்காட்டினர். உண்மையிலேயே அத்தகைய காயத்தோடு வாழ்பவர்களிடம் கேட்டபோது 92 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். கண்களை மட்டுமே அசைக்க முடிந்த ‘லாக்டு இன்’ நோயாளிகளிடம் 2011இல் நடந்த மற்றோர் ஆய்வில், பதிலளித்த 65 பேரில் 47 பேர் தாம் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். இந்த எண்களை நாங்கள் எச்சரிக்கையோடே கையாள்கிறோம். நல்ல பராமரிப்பும் தொழில்நுட்பமும் கிடைத்தவர்களின் விடைகள் இவை. பதிலளிக்க இயலாதவர்களும் விரும்பாதவர்களும் இவற்றில் இல்லை. ஆயினும், வெளியே நின்று பார்ப்பவரின் கணிப்பும் உள்ளிருந்து வாழ்பவரின் கணிப்பும் இவ்வளவு தூரம் விலகியிருக்கும்போது, வெளியே நிற்பவர் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது என்பது எங்கள் முடிவு.

காயம் பட்ட முதல் ஆண்டில் சாக விரும்புவதாகச் சொல்லும் பலர் பின்னாளில் அப்படிச் சொல்வதில்லை. தமிழகத்தில் இதற்கு எல்லோரும் அறிந்த ஒரு வாழ்க்கை உண்டு. எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் பெங்களூருவில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கல்வி, மறுவாழ்வு, பயிற்சி அளிக்கும் பெரிய நிறுவனம் அது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எல்லோரும் நிறுவனம் தொடங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் நோயாளிகள் மீது இன்னொரு சுமையைத்தான் ஏற்றும். காயம் பட்ட ஐந்தாம் மாதத்தில் ஒருவர் தம் வாழ்வைப் பற்றிச் சொல்வது இறுதித் தீர்ப்பாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காகவே சொல்கிறோம்.

சுமை என்ற சொல்

வெளிநாடுகளில் இந்த விவாதம் எங்கே வந்து நிற்கிறது என்பதையும் அறிவது நல்லது. கனடா 2016இல், மரணம் அண்மையில் உள்ளவர்களுக்கு மட்டும் உதவியுடன் இறக்கும் உரிமையை அளித்தது. 2021 மார்ச்சில் அதை விரிவாக்கி, மரணம் அண்மையில் இல்லாத, ஆனால் நீங்காத நோயோ உடற்குறையோ உள்ளவர்களுக்கும் வழங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை வல்லுநர்கள் மூவர், மாற்றுத்திறன் என்பதே மரணத்துக்கு அனுமதி தரும் காரணமாகிவிடக் கூடாது என்று அறிக்கை வெளியிட்டார்கள். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு, 2025 மார்ச்சில் அந்த விரிவாக்கத்தைத் திரும்பப் பெறும்படி கனடாவுக்குப் பரிந்துரைத்தது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் முன்வைக்கும் வாதம் எளிமையானது: வேறு ஒருவர் சாக வேண்டும் என்றால் தற்கொலைத் தடுப்பு ஆலோசனை தருகிறீர்கள், நாங்கள் சொன்னால் மருந்து தருகிறீர்கள். அப்படியானால் எங்கள் உயிரின் விலை குறைவா?

மாற்றுத்திறனாளிகள் அனைவரும் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் டெபி பர்டி என்ற பெண்மணி, தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோடு வாழ்ந்தவர், தம் மரணத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமைக்காக நீதிமன்றம் சென்று 2009இல் வென்றார். மற்றவர்களுக்கு உள்ள தன்னுரிமை தமக்கும் வேண்டும் என்பதும் உரிமைக் குரலே. அதைக் கேட்காதது போல் நடிப்பது நேர்மையாகாது.

ஆயினும் எங்களைத் தயங்கச் செய்வது ஓரிகன் மாநிலத்தின் ஆண்டறிக்கைகள். 1997 முதல் அச்சட்டம் அங்கே நடப்பில் உள்ளது. இறக்க மருந்து கேட்டவர்கள் சொன்ன காரணங்களில் முன்னணியில் நிற்பவை தன்னிச்சையாகச் செயல்பட இயலாமை, விரும்பியதைச் செய்ய முடியாமை, கண்ணியம் இழத்தல் ஆகியவை. வலி அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. குடும்பத்துக்குச் சுமையாகிவிடுவோம் என்ற அச்சமும் பட்டியலில் தொடர்ந்து இடம்பெறுகிறது. வலிக்கு நாங்கள் மருந்து வைத்திருக்கிறோம். ‘சுமை’ என்பதற்கு மருந்துக் கடையில் ஒன்றும் இல்லை. அதைச் சமூகம் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

‘சுமை’ என்ற சொல் என்ன செய்யும் என்பதை அறியத் தமிழர்கள் கனடாவரை போக வேண்டியதில்லை. தென் மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர்ப் பகுதியில், படுக்கையில் விழுந்த முதியவர்களைக் குடும்பமே சடங்கு போல் மரணத்துக்கு அனுப்பும் ‘தலைக்கூத்தல்’ பற்றி 2010 முதல் செய்திகள் வெளிவந்தன. செய்தவர்கள் பலர் அதைக் கருணை என்றே நம்பினார்கள். முதியவர்களில் சிலர் தாமே கேட்டதாகவும் சொன்னார்கள். கேட்டார்களா, கேட்கும்படி ஆனதா என்று பிறகு யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? கொங்குப் பகுதியில் அப்படியொரு வழக்கம் இல்லை என்று நாம் நிம்மதி கொள்ளலாம். ஆனால் “எனக்காக ஆஸ்பத்திரிக்குக் காடு தோட்டத்த விக்காதீங்க சாமி” என்று வெளிறிய முகத்தோடு மகனிடம் சொல்லும் பாட்டிகளை வாரம் ஒருவராவது இங்கே பார்க்கிறோம்.

முதலில் கேட்க வேண்டிய சட்டம்

2018இல் தமிழகத்தைச் சேர்ந்த ஒரு தந்தை, பிறப்பின்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததால் எல்லாவற்றுக்கும் பிறரைச் சார்ந்திருந்த தம் சிறு மகனுக்கு ஊட்டமளிப்பதை நிறுத்த அனுமதி வேண்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். நீதிமன்றம் மருத்துவர் குழுவை அமைத்துச் சிறுவனின் நிலையை ஆராயச் செய்தது. வட இந்தியாவில், 2013இல் மாடியிலிருந்து விழுந்து மூளைக் காயத்தோடு படுக்கையில் கிடந்த ஓர் இளைஞரின் பெற்றோர் 2024இல் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். அவர் செயற்கைச் சுவாசத்தில் இல்லை, குழாய் வழி உணவே பெறுகிறார் என்று கூறி நீதிமன்றம் மறுத்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அப்போது மறுத்தது. ஆனால் அவரை வேறெங்காவது வைத்துப் பராமரிக்க இயலுமா என்று அரசைக் கேட்டது. நவம்பரில், வீட்டிலேயே மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோரின் உதவியும் இலவச மருந்தும் வழங்க உத்தரப் பிரதேச அரசு முன்வந்ததை நீதிமன்றம் பதிவு செய்தது. அவ்வழக்கு பின்னர் மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தக் கட்டங்களுக்கு இக்கட்டுரையில் இடமில்லை. எங்கள் மனத்தில் தைத்தது அந்த நவம்பர் மாத உத்தரவுதான். பதினோரு ஆண்டுகள் தனியே பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்துக்கு, மகனின் மரணத்தைக் கேட்ட பிறகே செவிலியர் கிடைத்தார்.

அந்த உதவியைக் கேட்டுப் பெறுவதற்கு மரண மனு தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி மருத்துவத்தையோ, உணவையும் நீரையுமோ மறுக்கக் கூடாது என்று அதன் 25ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அதைச் செயல்படுத்த வந்ததே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 21 வகைக் குறைபாடுகள் அதில் அடங்கும். தசைச்சிதைவு, மூளை முடக்குவாதம், நடுக்குவாதம், நாள்பட்ட நரம்பியல் நோய்கள் ஆகியவையும் உண்டு. சிகிச்சையில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் தடையின்றி உள்ளே வர வழி இருக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தில் உள்ளன. அன்று அந்த இளைஞரின் பெரியப்பாவிடம் நாங்கள் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய சட்டம் இதுவே. எங்களுக்கே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதும் இதுவே.

இச்சட்டத்தின் 38ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. அன்றாடச் செயல்களுக்குத் தீவிரமாகப் பிறர் உதவி தேவைப்படுவோர் ‘உயர் ஆதரவு’ கோரி அரசுக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் அதைப் பரிசீலிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கும் மற்றவரைப் போலவே சட்டத் தகுதி உண்டு என்கிறது 13ஆம் பிரிவு. எனவே பேசக்கூடிய நோயாளியைப் பற்றிய முடிவை, அவரை ஸ்ட்ரெச்சரில் வெளியே விட்டுவிட்டு, அறைக்குள் எடுக்கக் கூடாது. அன்று அந்தக் கதவைச் சாத்த அனுமதித்தது எங்கள் தவறு.

தமிழக அரசு, அறிவுசார் குறைபாடு, கடுமையான உடல் பாதிப்பு, தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு முதலியவை உள்ளவர்களுக்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. 2023 ஜனவரி முதல் அது 2000 ரூபாய். ஒரு பராமரிப்பாளரின் பத்து நாள் கூலிக்கும் அது காணாது என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பெறாமல் விடுவதற்கு அது காரணமாகாது. திருப்பூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; மருத்துவச் சான்றும், தனித்துவ அடையாள அட்டையும் தேவைப்படும். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் ‘நிரமயா’ காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும்; உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

தென்னையிலிருந்து விழுந்தவரின் மனைவி அடுத்த மாதமும் வந்தார். இம்முறை நாங்கள் கதவைத் திறந்து வைத்து, ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுவரச் சொன்னோம். கணவரிடம் நேராகக் கேட்டோம். உடம்பில் எது அதிகமாகத் தொந்தரவு செய்கிறது, இரவு எத்தனை மணி நேரம் தூக்கம், எதை நினைத்தால் சாக வேண்டும் என்று தோன்றுகிறது? நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னார்: “ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு அவ என்னையப் பொரட்டறாளுங்க. நாலு மாசமா அவ தூங்கலீங்க.” இடுப்பில் உள்ளங்கை அளவுக்குப் படுக்கைப் புண் இருந்தது; சிறுநீர்த் தொற்றும், கால்களைச் சுண்டி இழுக்கும் தசை இறுக்கமும் இருந்தன. மூன்றுக்கும் மருத்துவம் உண்டு. அவர்கள் அதுவரை அடையாள அட்டைக்கே விண்ணப்பிக்கவில்லை; யாரும் சொல்லவில்லை என்றார்கள். சொல்ல வேண்டியவர்களில் நாங்களும் இருந்தோம்.

காற்றுப் படுக்கை வந்த பிறகு இரவில் புரட்டுவது இரண்டு முறையாகக் குறைந்தது. அவருடைய தம்பி வாரத்தில் மூன்று இரவுகள் வந்து தங்குகிறார். மனநல மருத்துவரின் மருந்தை அவர் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். ‘ஊசி’ பற்றிய பேச்சு அடியோடு நின்றுவிட்டது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். நிற்கவில்லை, மழைக்காலத்தில் தசை இறுக்கம் கூடும்போது மறுபடி கேட்கிறார். இப்போது அதை அவரே எங்களிடம் கேட்கிறார், மனைவி பக்கத்தில் இருக்கும்போது. நாங்கள் மருந்தின் அளவை மாற்றுகிறோம், தம்பியைக் கூப்பிட்டுப் பேசுகிறோம், அடுத்த வாரம் வரச் சொல்கிறோம். வருகிறார்.

இதே கேள்வியோடு வீட்டில் யாரேனும் இருந்தால், அவரையும் உடன் அழைத்துக்கொண்டு புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். நடக்க இயலாதவர்களுக்கான சாய்தளம் மருந்தகத்தின் பக்க வாசலில் இருக்கிறது. தனியே பேச வேண்டும் என்று சீட்டு வழங்கும் இடத்தில் சொன்னால் போதும். காரணம் கேட்க மாட்டார்கள்.